இரண்டு நிமிடம் பிந்தி

பெர்ன் நகரம், ஜனவரி, ஹிர்ஷன்கிராபன் தரிப்பிடம்.
காதுவரை கம்பளித் தொப்பி. நான் பார்க்கவில்லை.
ஏழாம் இலக்க ட்ராம் மணியை அலறவிட்டு
என் கோட்டுப் பொத்தானை உரசிப் போனது.

பின்னால் நின்றவர் முகம் வெளிறியது.
எனக்குள் ஒன்றுமில்லை.
தொண்ணூற்றெட்டு. முன்பு போலவே தொண்ணூற்றெட்டு.

நெஞ்சு பக்கென்றது என்று சொல்லக்
கொடுத்துவைக்காத தமிழச்சி நான்.

பதினாலு மாதம் முன்பு
முகம் தெரியாத ஒருவரின் இதயத்தை எனக்குள் தைத்தார்கள்.
இரத்தக் குழாயைத் தைக்கலாம், நரம்பைத் தைக்க முடியாது
என்றார் டாக்டர் ஸ்டுக்கி, பேனா மூடியைக் கடித்தபடி.

"அப்ப ஆர் அதை அடிக்கச் சொல்றது?"

என் ஓட்டை ஜெர்மனுக்குப் பதிலாக
ரசீது ஒன்றின் முதுகில் கோடு இழுத்தார்:
வலது மேலறையில், ஒரு புளியங்கொட்டை தேறாத இடம்.
ஒவ்வொரு துடிப்பும் முடிந்து
மின்னழுத்தம் அடிமட்டத்துக்கு விழும்போது
அங்கே ஒரு வாசல் திறக்கும்.
விழுந்தாலும் திறக்கும் என்றில்லை;
விழுந்தால்தான் திறக்கும்.
சோடியம் கசியும், கசியும்,
வரம்பைத் தொட்டதும் கால்சியம் பாயும்,
பொட்டாசியம் வெளியேற மறுபடி வீழ்ச்சி,
மறுபடி அந்த வாசல்.
முதலில் கண்டவர்களுக்கே அது விநோதமாய் இருந்ததாம்,
வேடிக்கை மின்னோட்டம் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.
சிரித்தேன். தையல் இழுத்தது.

அதற்கு யாரும் ஆணையிடுவதில்லை.
நான் உறங்கினால் அது தணிவதில்லை.
அகரன் காய்ச்சலில் பிதற்றிய இரவு
நான் பதறினேன், அது தன்பாட்டில்
உப்பை உள்ளே விட்டு, வெளியே விட்டு,
அடுத்த வீட்டுக்காரி போல் இருந்தது.

இன்றைக்கும் அப்படித்தான்.
தெருவைக் கடந்தேன். பேக்கரி வரிசையில் நின்றேன்.
கம்பு ரொட்டி ஒன்று, அரை கிலோ, வெட்ட வேண்டாம் என்றேன்.
சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கும்போது

நரம்புவழி வர முடியாத பயம்
இரத்தத்தில் கரைந்து, நடந்தே வந்து,
கதவைத் தட்டியது.

நூற்றிருபது. நூற்றிமுப்பது.
கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.
"வேறு ஏதாவது?" என்றாள் விற்கிற பெண்.

ட்ராம் இந்நேரம் பும்ப்லிட்ஸ் பக்கம் போயிருக்கும்.
அந்த மனிதரும் மறந்திருப்பார்.
ஒரு ரொட்டியின் முன்னால்
நாங்கள் இருவரும் இப்போதுதான்
தண்டவாளத்திலிருந்து காலை எடுக்கிறோம்.