பஞ்சு நுனி

ரைஜா உள்ளே வந்ததும்
கிதாரைக் காட்டவில்லை, இடது கையைக் காட்டினாள்.
நான்கு விரல் நுனியும்
வெந்நீரில் போட்டெடுத்த தக்காளி.
துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் இரவுக் கப்பலில்
வாரம் ஐந்து நாள் வாசிக்கிறவள்.
கையுறையோடு டாங்கோ வாசிக்க முடியாது என்றாள்.
முயன்று பார்த்தாளாம்.

டாக்டர் ஒரே வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: நிக்கல்.

நான் கடைக்காரன், பெட்டிகளை எடுத்துப் பரப்பினேன்.
எவர்சில்வர் கம்பி. அதிலும் நிக்கல் உண்டு,
ஆனால் கருமி மாதிரி, லேசில் வெளியே விடாது.
மாட்டினோம், வாசித்தாள்.
"தட்டில் முள்கரண்டி விழுகிற சத்தம்."
வெண்கலம் சுற்றியதை
அவள் எலக்ட்ரிக் கிதாரின் காந்தம்
சரியாகக் காதில் வாங்கவே இல்லை.
நைலான் என்று வாயெடுத்தேன்,
அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.
கடைசியில் மேற்பூச்சுக் கம்பி.
சோப்புக் கையால் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாலும்
இரண்டு செட் வாங்கிப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அதே விரல்களோடு வந்தாள்.

அதற்குள் சோதனைக் குப்பி ஒன்று வரவழைத்திருந்தேன்.
பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு, அரை நிமிடம் தேய்ப்பு;
நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஜா நிறமாகும்.
கம்பிகள்: வெள்ளை.
கம்பிக்கு அடியில், கழுத்து நெடுக அடித்திருந்த ஃபிரெட்டுகள்:
ரோஜா, ரோஜா, ரோஜா,
இருபத்திரண்டும்.
"பாவம், கம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன்" என்றாள்.
நான்கு நாள் ஆகும் என்றேன்.
கப்பல் காத்திருக்காது. இரவலுக்கு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

குப்பியில் மிச்சம் இருந்தது,
எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.
கடைச் சாவி: ரோஜா.
இரண்டு யூரோ நாணயம்: நல்ல ரோஜா.
கல்லாப்பெட்டியின் பூட்டு வெள்ளையாகவே இருந்து ஏமாற்றியது.
இழுப்பறையில், பழைய பிக்குகளோடு, என் மோதிரம்.
வெள்ளைத் தங்கம், ஜோடியாக வாங்கியது.
என்னை ஒருநாளும் அரிக்காதது.
பஞ்சு மெதுவாக, யோசித்து யோசித்துச் சிவந்தது.

ஹெல்வி ராத்திரிதோறும் தன்னுடையதைக் கழற்றி
பல்துலக்கும் குவளைக்குள் போடுவாள்.
ணங்.
பதினொரு வருடம் படுக்கையில் கிடந்து
அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தேன்.
விரலைக் காட்டு என்று ஒருதரம் கேட்டிருக்கலாம்.

அதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை.
காரணங்கள் வேறு நிறைய இருந்தன,
இரண்டு மூன்று என்னுடையவை.

பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு
ரைஜாவின் கிதாரை மேசையில் கிடத்தினேன்.
முதல் ஃபிரெட்டுக்குச் சூடு காட்ட வேண்டும்.
பிடி தளரும்வரை பொறுக்க வேண்டும்.
அவசரப்பட்டால்
மரம் சில்லுச் சில்லாய்ப் பெயர்ந்து வரும்.