திங்கள் அவதி

புலியூர்க்குறிச்சியில் பஸ் நின்றதும்
முதலில் இறங்கியது ஆன்றோ,
பிறகு அவன் தண்ணீர்க் குப்பி உருண்டு,
பிறகுதான் நாங்கள்.
உதயகிரிக் கோட்டை வாசலில்
வனத்துறை சீட்டுக் கிழித்துத் தந்தது:
பெரியவர் இரண்டு, சிறுவர் ஒன்று.
கடையை ஒரு நாள் பூட்டினால்
ரெண்டு மிக்சி, ஒரு கிரைண்டர்
சுற்றாமல் கிடக்கும். கிடக்கட்டும்.

பீரங்கி வார்த்த இடம் என்றார்கள்.
கம்பிவலைக்குப் பின்னால் மான்கள்
காலையை அசைபோட்டுக்கொண்டிருந்தன.
மதிலோரம் கல்லூரிப் பைகள் இரண்டு
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்க
பைக்குரியவர்களைக் காணவில்லை.

கூரையில்லாத தேவாலயத்தில்
டச்சுக் கேப்டனின் கல்லறை.
குளச்சலில் தோற்று, பிடிபட்டு,
தோற்கடித்த ராஜாவுக்கே படை பழக்கி
முப்பத்தாறு வருசம் கழித்துச் செத்தவர்.
பக்கத்தில் மனைவி. மகன்.
லத்தீனில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்
பெயர் வெட்டியிருந்தது.
டெல்பின் தமிழை விரலால் தொட்டு வாசித்தாள்.
பிறகு வாசிக்கத் தெரியாத லத்தீனையும்
அதே நிதானத்தில்,
ஓர் எழுத்தும் விடாமல் தொட்டாள்.
நான் மானைப் பார்க்கப் போனேன்.

ஆட்டோக்காரர் பத்மநாபபுரத்துக்கு
நூற்றைம்பது கேட்டு நூறுக்கு வந்தார்.
அரண்மனை சாத்தியிருந்தது.
மண் தமிழ்நாடு, சாவி கேரளா.
'திங்களாழ்ச்ச அவதியாணு' என்றார் காவலாளி.
'யாருக்கு அவதி?' என்றான் ஆன்றோ.
'லீவு மக்ளே. அவங்க பாஷையில லீவு.'
காவலாளியும் சிரித்தார்.
டெல்பின் சிரிக்கவில்லை,
அந்தச் சொல்லை அவள்
வேறொரு கவுண்டரில் கற்றிருந்தாள்.

மட்டிப்பழம் தின்றுகொண்டே
குளச்சல் பஸ்ஸுக்கு நின்றோம்.

வெற்றித்தூண் நான் நினைத்ததைவிடச் சிறியது.
உச்சியில் சங்கு,
சங்கின்மேல் ஒரு காக்கை.
அடியில் தார்ப்பாயில் நெத்திலி காய்ந்தது.
தூணின் நிழல் நகர நகர
ஒருத்தி பாயை வெயிலுக்கு இழுத்தாள்.
தூணோடு அவளுக்கு இருந்த ஒரே வழக்கு அது.

தெரிந்ததை ஆன்றோவிடம் சொன்னேன்:
ராஜாவிடம் ஆள் போதவில்லை.
கடற்கரைக்காரர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து
வரிசையாக நின்றார்களாம்.
கப்பலிலிருந்து பார்த்தால் அத்தனையும் துப்பாக்கி.
'அவங்க பேரு?'
'எழுதி வைக்கல.'
'அம்மா வீட்டு ஆளுங்களா?'
'இருக்கும்.'

ஏற்றிப் போட்ட வள்ளத்திலிருந்து
ஒரு துடுப்பை உருவினான்.
தோளில் சாய்த்து, நெஞ்சை நிமிர்த்தி,
கடலைப் பார்த்து நின்றான்.
ஒக்கி அடித்த வருசம் பிறந்தவன்.
மாமனைப் படத்தில் மட்டும் பார்த்தவன்.
நிற்பது மாமன் மாதிரியே.

போனை நீட்டினேன்.
டெல்பின் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு
திருவனந்தபுரம், கொல்லம், கோழிக்கோடு என்று
சவக்கிடங்கு சவக்கிடங்காகப் போனவள்.
பியூஸ் என்ற பெயரை
எந்தக் காகிதத்திலும் காட்டவில்லை.
அந்தக் கரையில் ஒதுங்கிய உடல்களுக்கு
மலையாளத்தில் நம்பர் இருந்தது.
அப்பனின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள்,
எதோடும் சேரவில்லை.
மறுபடி போன அன்று
கவுண்டரில் ஒருவர் தலை நிமிராமல் சொன்னார்:
இன்னு அவதியாணு, நாளெ வரூ.

பையனை நோக்கி நடந்தாள்.
பிடுங்கி எறிவாள் என்றுதான் நினைத்தேன்.
'தலைகீழாப் பிடிச்சிருக்க.
அலகு மேல வரணும்.'
திருப்பிக் கொடுத்தாள்,
அவன் கையை ஒரு சாண் கீழே இறக்கினாள்,
விலகி நின்றாள்.
'இப்ப எடு.'

எடுத்த படத்தில்
துடுப்பு இருக்கிறது, பையன் இருக்கிறான்,
பின்னால் கடல் வேண்டிய அளவு இருக்கிறது.
தூண் விழவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.
அவள் தார்ப்பாய் அருகே குந்தி
நெத்திலியை ஒன்றிரண்டு ஒடித்துப் பார்த்து
'இன்னும் ஒரு வெயில் காணணும்,
கிலோ என்ன விலை?' என்று
அவளுடைய கரைத் தமிழில்
பேரத்தைத் தொடங்கியிருந்தாள்.