இடது முழங்கால்

பியெல்லாவில் மழை.
முதலில் வந்தவர் கதவெல்லாம் காந்தம் ஒட்டிப் பார்த்தார்,
எங்கே பட்டி பூசியிருக்கிறதென்று.
அடுத்தவர் மிலான்காரர். உள்ளே உட்காரவே இல்லை.
கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தப் போகிறாராம்.
கேட்டதற்கு மேல் நாலாயிரம் யூரோ.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்கவும் செய்தேன்.

நிவெஸ் பேருந்தில் வந்தாள்,
இரவுப் பணி முடிந்த சீருடையோடு.
இருக்கைக்குப் பின்னால்
நம் முதுகை ஒட்டி உறுமும் எஞ்சினின் மூடிமேல்
காதை வைத்தாள்.
"மூணாவது சிலிண்டர் பிந்தித் தும்முது."
நான் மறைத்தது அதைத்தான்.

"மழை எந்தப் பக்கம் ஒழுகும்?"
"இடது முழங்காலில்."
"நான் வித்ததில் வலது" என்று சிரித்தாள்.

மிலான்காரரின் நாலாயிரத்தை
மனசுக்குள் ஒருமுறை எண்ணி முடித்தேன்.
பிறகு சாவியோடு
அந்தப் பழந்துண்டையும் கொடுத்தேன்,
முழங்காலில் போட்டுக்கொள்ள.