ஆட்காட்டி

வூப்பர்டால், பார்மன் பகுதி.
சைக்கிள் திருத்தும் கடையின் மேல்மாடி.
மாதத்தின் முதல் வியாழன்
ஏழு பேர், ஐந்து கதிரை,
விசிறி இரையும் நான்கு பழைய கணினிகள்.
ஆற்றுக்கு மேலே தொங்கியபடி
நாலு நிமிடத்துக்கொரு ரயில் போகும்.
அது போய்த் தொலையும்வரை
யாரும் ஒலிவாங்கியைத் திறப்பதில்லை.

மென்பொருளின் பெயர் கீபிட்ஸ்.
கொண்டை வைத்த ஒரு பறவை அதன் சின்னம்.
செய்த கம்பனி மூடிப் பதினான்கு வருடம்.
அந்தக் கட்டடத்தில் இப்போது
சமையலறை அலமாரி விற்கிறார்கள்.
ஹார்ட்முட் ஒருமுறை பார்க்கப் போனவர்
வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல்
ஒரு கைபிடி வாங்கி வந்தார்.

உன் மொழியில் இந்தப் பறவைக்கு என்ன பெயர்,
கேட்டாள் செவ்கி.
ஆட்காட்டி, என்றேன்.
இருட்டில் ஆள் நடந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும்.
இந்த விரலுக்கும் அதே பெயர்தான் என்று
மவுஸின் மேல் கிடந்ததைத் தூக்கிக் காட்டினேன்.
சிரித்தாள்.
அதே விரலால் அழுத்தினேன்.
பறவை திறக்கவில்லை.

திறக்கும் ஒவ்வொரு முறையும் அது
கம்பனியைக் கூப்பிட்டுக் கேட்கும்:
இவர் உரிமம் உள்ளவரா?
அங்கே ஆளில்லை.
கொஞ்ச நேரம் காத்திருக்கும், பிறகு ஒரு சாம்பல் பெட்டி:
அனுமதியை உறுதிசெய்ய முடியவில்லை.
பின்னர் முயலுங்கள்.

எனக்கு இந்த வசனம் பழக்கம்.
சிவப்புக் கோடு குறுக்கே போட்ட கடதாசியில்
மூன்று மாதத்துக்கொருமுறை
ஒன்பது வருடம் வாசித்திருக்கிறேன்.

செவ்கி பல் வைத்தியரின் வரவேற்பறையில் இருப்பவள்.
இன்றைக்கு இடமில்லை, நாளைக்கும் இல்லை என்று
நாள் முழுக்கச் சொல்கிறவள்.
நத்தார் விடுமுறையில் உட்கார்ந்து
நாற்பத்தொரு வரியில் ஒரு நிரல் எழுதினாள்.
கணினிக்குள்ளேயே குந்தியிருந்து
செத்த கம்பனியின் குரலில் அது பதில் சொல்லும்.
பெயர் கேளாது, எந்த ஊர் என்று கேளாது,
எத்தனை நாளைக்கு என்றும் கேளாது.
ஆம்.
அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லும் என்றார் ஹார்ட்முட்.
வாக்கெடுத்தோம், ஆறுக்கு ஒன்று.
அந்த ஒன்று, முதல் ஆளாகத்
தன் கணினியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனது.
நான் நாற்பத்தொரு வரியையும் அச்செடுத்து
மின்கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

புதுசு எத்தனையோ சும்மா கிடைக்குதே அம்மா, என்கிறான் மகன்.
கிடைக்கும்.
ஆனால் என் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும்
இந்தப் பறவைக்கு மட்டும்தான் வாய் திறக்கும்.
எல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எடுத்தவை.
உலர்த்தி இரைய இரைய,
இரவு வேலைப் பெண்கள் விரிப்புகளை எண்ணும் ஒலி.
மேற்பார்வையாளரோடு ஜேர்மனில் பேசுவார்கள்.
எண்ணிக்கை பிழைக்கக் கூடாதென்றால்
அவரவர் மொழிதான்.

ஒரு குறை உண்டு.
சேமிக்கும்போது
கடைசி அரை நொடியை விழுங்கிவிடும் ஆட்காட்டி.
மூல நிரல் யாரிடமும் இல்லை, திருத்த வழியில்லை.
ஆகவே பொறுக்கப் பழகினோம்.
அனெக்ரெட் தேவாலய ஓர்கனின் கடைசிச் சுரம் அடங்கியபின்னும்
மூச்சைப் பிடித்தபடி நிற்பாள்.
தொலைபேசியில் போய்வருகிறேன் சொன்ன பிறகும்
எங்கள் ஏழு பேருக்கும்
உடனே வைக்கத் தெரியாது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் எடுத்தது
மிரேலாவின் கோப்பு.
கட்டுக்கு நாற்பது விரிப்பு, ருமேனிய மொழியில் எண்ணுகிறாள்.
ஒவ்வொரு கட்டையும் நான் தனித்தனியாய்ச் சேமித்திருக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்பதோடு நிற்கிறாள்.

போன வியாழன் அவளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன்.
ரயில் போகட்டும் என்று காத்திருந்து போட்டேன்.
கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.
முப்பத்தொன்பது வந்து அறுந்ததும்
வாய்விட்டு
நாற்பது என்று சொன்னாள்,
அடுத்த கட்டுக்குக் கை நீட்டினாள்.