ஐநூறுக்குக் கீழே

மூன்றே காலுக்கு போன்.
"சார், கண்ணுல பூச்சி பறக்க ஆரம்பிச்சிருச்சு."
ஐஸ் பெட்டியை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு
கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறேன்.
ஒற்றைத் தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள்
ரத்தம் எடுத்தாக வேண்டும். ஆய்வின் விதி.
போன மாதம் எடுத்த குழாய்
செல்லூர் ரோட்டுப் பள்ளங்களில் குலுங்கி
அணுக்கள் உடைந்து
நன்னாரி சர்பத் நிறத்தில் வந்து சேர்ந்தது.
கழித்துவிட்டார்கள்.

பங்கேற்பாளர் எண் நாற்பத்தேழு.
குழாயில் எண் மட்டும்தான், பெயர் எழுதக் கூடாது.
எனக்குப் பெயர் தெரியும். அங்கயற்கண்ணி.
இமைக்காதவளின் பெயரை வைத்துக்கொண்டு
இரண்டு கண்ணையும் ஈரத்துண்டால் இறுகக் கட்டி
தறிக்கூடத்துக்குப் பின்னால்
நூல் மூட்டைகளுக்கு நடுவில் சுருண்டு கிடக்கிறாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி.
டடக் டடக் என்று எழுதினால் பொய்.
பல்லின் வேரில் கேட்கிற சத்தம் அது.

முதலில் நரம்பு சிக்கவில்லை.
முழங்கைவரை பஞ்சுத் தூசி.
நீல மூடிக் குழாய் கோடுவரை நிறைந்ததும்
மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, நான்கு முறை.
கட்டை அவிழ்க்காமலே கேட்கிறாள்:
"இதுல என்ன சார் தெரியும்?"

தெரிந்தவரை சொன்னேன்.
ரத்தத்துக்குள்ளும் நூல் உண்டு, ஃபைப்ரின் என்று.
எங்காவது கிழிந்தால் வலை பின்னும்.
வேலை முடிந்ததும் உடம்பே அதை வெட்டிப் போடும்.
வெட்டிய துண்டுக்குப் பெயர் டி-டைமர்.
எத்தனை துண்டு கிடக்கிறது என்று பார்த்தால்
எவ்வளவு பின்னியது என்று குத்துமதிப்பாக...

"கழிவு நூலை நிறுக்குற மாதிரி" என்றாள்.
பன்னிரண்டு வருடமாக லேபில் இருக்கிறேன்,
எனக்கு இவ்வளவு சுருக்கமாக வந்ததில்லை.

"நெசமா வலிச்சா அதுல காட்டுமா?
சூப்பர்வைசர் நடிக்கிறேங்குறாரு.
ஒரு பேப்பர் இருந்தா நல்லாயிருக்கும்."
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

சென்ட்ரிஃபியூஜில் பதினைந்து நிமிடம்.
சிவப்பு அடியில் இறங்கியது,
மேலே ஒரு விரற்கடை வைக்கோல் நிறம்.
அழற்சிக்கு சிஆர்பி, அது வேறு குழாய்,
அதில் சொல்ல ஒன்றுமில்லை.
டி-டைமர் நானூற்று எண்பது.
வலியில்லாத ஒரு புதன்கிழமை எடுத்தது
இருநூற்றுப் பத்து.
இரண்டு மடங்குக்கு மேல்.
ஆனால் ஐநூறைத் தாண்டினால்தான்
மெஷின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடும்.
போடவில்லை.
ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது,
இன்னும் நூற்றைம்பது பேர் வரட்டும் என்றார்
டாக்டர் சோபனாதேவி.
அவர் சொன்னது சரி.
சரியாக இருந்தது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

முடிவைப் பங்கேற்பாளரிடம் சொல்லக் கூடாது,
அதுவும் விதி.
ஞாயிற்றுக்கிழமை தறி ஓடவில்லை. போனேன்.
இரண்டு எண்ணையும் சொன்னேன்,
நட்சத்திரம் வராததையும்.
கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்,
விளக்குமாறு நிற்கவில்லை.

"இங்கயும் அப்படித்தான் சார்.
ஐநூறு கிராமுக்குக் கீழ இருந்தா
நோட்டுல ஏத்த மாட்டாங்க.
கழிவே இல்லைன்னு எழுதிருவாங்க.
பெருக்குறது நான்தானே."