ஐம்பது, பத்து

இரவு இரண்டு நாற்பதுக்கு மார்லிஸ் ட்வெட் அழைத்தாள்.
"பி முப்பத்தேழு," என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.
ஃபார்கோவில் ஜூலை. கல்மழை பெய்து ஐந்து நாள்.
என் காரின் கூரை இன்னும்
அம்மை வார்த்த முகம்போல் குழிகுழியாய்.

பயிர்க் காப்பீட்டு அலுவலகம் எங்களுடையது.
பகலெல்லாம் தொலைபேசியில் வந்த இழப்புகள்
இரவில் ஒரே கோப்பில் போய்ச் சேரும்.
கோப்பு வளரும், அது எவருக்கும் தெரியும்.
எவ்வளவு வளரும் என்பதை மட்டும்
அது பிறக்குமுன்பே எழுதித் தந்துவிட வேண்டும்.
முதலில் ஐம்பது சிலிண்டர்.
நிறைந்தால் பத்து. அதுவும் நிறைந்தால் இன்னொரு பத்து.
ஒரு வட்டில் பதினாறு துண்டுகள்வரை பொறுக்கும்.
பதினேழாவதற்குக் கை நீட்டினால்
வேலை நின்ற இடத்திலேயே விழும்.

அந்த எண்கள் நான் எழுதியவை.
எண்பத்தெட்டில், கோடை முழுக்க
மேகமே தட்டுப்படாத வருடம்.
கல்மழைக்கும் மேகம் வேண்டுமே.
ஐம்பதில் பாதி காலியாகவே கிடந்தது.
மிச்சத்தைத் திருப்பித் தரச் சொல்லி
ஒரு சொல்லும் சேர்த்திருந்தேன்.
சிக்கனக்காரன் என்று பெயர் வந்தது. பிடித்திருந்தது.

பச்சைத் திரையில் மார்லிஸ்
வட்டின் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள்.
காலியிடம் இல்லாமல் இல்லை:
இங்கே மூன்று, அங்கே நான்கு,
சம்பளக் கோப்புக்குப் பின்னால் ஒன்றே ஒன்று.
பத்து கேட்ட ஒவ்வொரு முறையும்
இயந்திரம் கிள்ளிக் கிள்ளித் தந்திருக்கிறது.
பதினாறும் அப்படித்தான் தீர்ந்தன.

"என் தம்பி வெர்லின் நிலம் மாதிரி," என்றாள்.
"வீட்டையொட்டி நூற்றறுபது ஏக்கர்,
ரயில் பாதைக்கு அப்பால் நாற்பது,
மேப்பிள்டன் சாலையில் ஒரு எண்பது.
டிராக்டரை ஓட்டிப்போவதிலேயே பாதி நாள் போகும்.
வரி மட்டும் ஒரே பண்ணை என்று கேட்டு வரும்."

கடைசியாகப் பதிவானது கேசல்டன்,
சூரியகாந்தி, எண்பது ஏக்கர், முழு இழப்பு.
அடுத்தவர் பெயர் அச்சில் இல்லை.
யாரோ ஒருவர்
வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தார்.

வருடக்கணக்கில் யாரும் தொடாத கோப்புகளைத்
தேதிவாரியாக வரவழைத்தாள்.
முதல் வரியில் எண்பத்தெட்டின் வறட்சி.
கருகிய பார்லி, முளைக்காத கோதுமை,
முந்நூறு சிலிண்டர், உடையாமல் ஒரே துண்டு.

"டேப்புக்கு அனுப்பலாம்," என்றேன்.

விரல் விசைமேல் இருந்தது. அழுத்தவில்லை.
"வெர்லின் அதில் இருக்கிறான்."

"அழிக்கவில்லையே. கேட்டால் வரும்,
கொஞ்சம் தாமதமாக."

"அவனும் அப்படித்தான்," என்று அழுத்தினாள்.

எங்கோ ஓர் அறையில் டேப் சுழன்றது.
வறட்சி எழுந்து போன இடத்தில்
கல்மழைக்குப் பாய் விரித்தோம்.

புதிய எண்கள்: இருநூற்றைம்பது, ஐம்பது.
தட்டிவிட்டுக் காபிக்காக நடைபாதைக்குப் போனேன்.
இயந்திர அறைக்குச் சன்னல் கிடையாது,
நடைபாதைக்கு ஒன்று உண்டு.
மேற்கே, ஜேம்ஸ்டவுன் பக்கம்,
சத்தமில்லாமல் ஒரு மின்னல். பிறகு இன்னொன்று.

காபி வாங்காமல் திரும்பினேன்.
ஐம்பதை அழித்து எண்பது என்று அடித்தேன்.
மார்லிஸ் ஏன் என்று கேட்கவில்லை.