பக்கவாட்டில்

இந்த மரத்துக்கு இரும்புப்பட்டை என்று பேர்.
கருவியைக் காட்டினால் மூச்சும் விடாது.
காசில்மெயினுக்கு வடக்கே, சனிக்கிழமை.
இறைச்சி ஆலையில் எங்கள் மூவருக்கும்
ஒரே ஷிப்ட், ஒரே ஓய்வு.

நூற்றெழுபது வருசத்துக்கு முன் இங்கே
கூடாரம் போட்டு, பொன்னுக்காக மண்ணைக் கழுவினார்களாம்.
பொன் போய்விட்டது.
சட்டைப்பைக் கிழிசல் வழியே விழுந்தவை மட்டும் மிச்சம்.
நாங்கள் தேடுவது அந்தக் கிழிசல்களை.

முதல் மணிநேரத்தில் என் சம்பாத்தியம்
நாலு பியர் மூடி, இரண்டு தோட்டா உறை,
ஏதோவொரு குதிரை உதறிவிட்டுப் போன அரை லாடம்.
ஒவ்வொரு 'பீங்'குக்கும் நெஞ்சு
லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிறது.

தவமலர் இன்றுதான் முதல் தடவை.
"பொழுது போகும், வாவன்" என்று நான்தான் இழுத்தேன்.
கருவியைக் கையில் கொடுத்ததும்
கிறேக் பாடம் எடுக்கத் தொடங்கினான்:
உயரத் தூக்காதே, தரையைத் தடவு, அவசரப்படாதே.
அதற்குள் அவள் பிடியின் நீளத்தைத் திருத்தி,
என் தோட்டா உறை ஒன்றைப் புல்லில் போட்டு
ஒலிக்கிறதா என்று பார்த்து,
நடக்கத் தொடங்கியிருந்தாள்.

நடை என்று அதைச் சொல்லக்கூடாது.
ஒரு வீச்சு, பாதிப் பாதம். இன்னொரு வீச்சு, மீதிப் பாதம்.
நாங்கள் ஓடையைத் தாண்டிப் போய்த் திரும்புகையில்
அவள் ஒரு பாயளவு நிலம் முடித்திருந்தாள்.

பீங்.
நானென்றால் மண்வெட்டியோடு பாய்ந்திருப்பேன்.
அவள் நின்றாள். ஒரு சுள்ளியை நட்டாள்.
முழங்காலில் இருந்து,
ஒலித்த இடத்துக்கு ஒரு சாண் இப்பால் தொடங்கி
பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டே போனாள்,
உறங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல்.

"மேலேயிருந்து தோண்டினால் சீக்கிரம்" என்றான் கிறேக்.
"ஓம்" என்றாள். "சீக்கிரம்தான்."

எனக்குத் தெரியும். முகமாலையில் ஐந்து வருசம்.
அதைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு வரி:
சம்பளம் பரவாயில்லை, மத்தியானம் சோறும் தருவினம்.
தெரிந்திருந்தும்தான் அழைத்தேன்.
கருவி, காடு, பொழுதுபோக்கு
என்று மூன்று சொல்லையும் தனித்தனியாகவே நினைத்திருக்கிறேன்.
காது மடல் சுட்டது.

மண்ணுக்குள் ஒரு வட்ட விளிம்பு தெரிந்தது.
அவள் கை நின்றது.
என்னைப் பார்த்து, தமிழில், மெல்லக் கேட்டாள்:
"வெறுங்கையால எடுக்கலாமோ?"

எடு, என்றேன். எடு.

யாரும் விசில் ஊதவில்லை.
யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை.
ஒரு மேக்பை மட்டும் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது.
எடுத்தாள்.
சீனக் காசு. நடுவில் சதுர ஓட்டை.
எச்சில் தொட்டுத் துடைத்து
அந்தச் சதுரத்தின் வழியே கிறேக்கைப் பார்த்தாள்:
"இது எவ்வளவு பெறும்?"
"நல்ல நாளில் இரண்டு டாலர்."
"இரண்டு டாலருக்கு முக்கால் மணிநேரமோ!"
அவள் சிரித்த சிரிப்புக்கு மேக்பை பறந்துபோனது.
ஆலையில் மூன்று வருசம் அருகருகே நின்று வெட்டியிருக்கிறோம்,
அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது
இன்றுதான் தெரியும்.

பிறகு கிறேக்கும் முழங்கால் முறிய மண்டியிட்டு
பக்கவாட்டில் தோண்டிப் பார்த்தான்.
அரை மணிநேரத்தில் ஒரு கரண்டிக் காம்பு.
"இது பொறுமைசாலிகளின் வேலை" என்று
பியரைத் திறந்தான். மூடியை, மறக்காமல்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இருட்டுமுன் குழிகளை மூடினோம்.
அவள் மூடியவற்றில் ஒவ்வொரு சுள்ளி நின்றது.
"பிடுங்கட்டா?" என்றேன்.
"இருக்கட்டும். நாளைக்கு வாறவனுக்கு நேரம் மிச்சம்."

காருக்குத் திரும்பும்போது அவள் முன்னால்.
நாங்கள் இருவரும் அவள் கால் வைத்த இடத்திலேயே
கால் வைத்து நடந்தோம்.
நான் ஏனென்று தெரிந்து.
கிறேக், பாம்புக்குப் பயந்து.